சொல்லாமலே தெரிந்தவர்

சோலோ
6 மார்ச் 2023

தர்மாஜி அவர்களுக்கு,

பதினோரு வருடம் புருஷன் என்று மரியாதையாக 'மஸ்' போட்டுக் கூப்பிட்ட வாய்தான். காகிதத்தில் எழுதக் கை வரவில்லை, மன்னிக்கவும்.

நீதிமன்றத்தில் சமரசம் பேசுகிற அம்மாள் சொன்னதற்காகத்தான் இதை எழுதுகிறேன். "செல்போன்ல பேசுனா ரெண்டே நிமிஷத்துல சண்டையில போய் நிக்குது. மே எட்டாம் தேதி வரைக்கும் கடுதாசிதான். கையால எழுதணும், தபால்ல போடணும். அன்னைக்கு வந்து விவாகரத்து மனுவைத் திரும்ப வாங்கிக்கிறதா, நடத்துறதான்னு சொல்லுங்க" என்று அவர் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடலாம் போலிருந்தது.

இங்கே ஒரு சலவைக் கடைக்கு மேலே அறை எடுத்திருக்கிறேன். நாளெல்லாம் சோப்பு வாசனை. வேலை அதேதான்: வீட்டில் அடி உதை வாங்கிய பெண்கள் பேசிய பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது. அவர்களுக்கு உதவுகிற எங்கள் சங்கத்தில் இப்போது புது விதி போட்டிருக்கிறார்கள். அந்தப் பதிவுகளைக் கையாளுகிறவர்கள் யாரும் திருட்டு விண்டோஸ் வைத்திருக்கக் கூடாது. லினக்ஸ் போட்டு, ஹார்டு டிஸ்க் முழுவதையும் பூட்டிவிட வேண்டும். மாதக் கடைசி வரை தவணை.

அதனால் ஓர் உதவி. என் லேப்டாப்பில் ஏதாவது புதிதாகப் போட்டால் நிர்வாகி பாஸ்வேர்டு கேட்கிறது. ஏழு வருடமாக அது உங்களிடம் மட்டும் இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் உங்களைக் கூப்பிட்டேன், நீங்கள் வந்து தட்டினீர்கள். அதை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். வேறொன்றும் வேண்டாம்.

அஸ்துதி


செமாராங்
11 மார்ச் 2023

என் டிக் துத்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் இன்னும் செல்லமாக 'டிக்' என்கிறேன், நீ முழுப் பெயரையும் எழுதி 'அவர்களுக்கு' என்று போட்டிருக்கிறாய். மின்சார வாரியம்கூட எனக்கு இதைவிட அன்பாக எழுதும். போகட்டும்.

பூனை போலெங் உன் நாற்காலியை விட்டு இறங்குவதில்லை. நான் உட்காரப் போனால் சீறுகிறது. வீடு யார் பக்கம் என்று இதிலிருந்தே தெரிகிறது.

லினக்ஸா! எதிர்க்கடைக் குந்தோரோவிடம் சொன்னேன், "என் பொண்டாட்டி லினக்ஸ் போடப் போறாளாம்யா" என்று. "அப்ப விவாகரத்து நிச்சயம்தான்" என்றான். கடையே சிரித்தது. நான்தான் சிரிக்க முடியாமல் நின்றேன்.

இருபது வருடமாகக் கணினி பழுது பார்க்கிறவன் சொல்கிறேன், கேள். சும்மா கிடைக்கிற சாமானுக்கு யார் பொறுப்பு? அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாமாம். வழிப்போக்கன் எல்லாம் எட்டிப் பார்க்கிற வீடு எப்படிப் பத்திரமான வீடாகும்? காசு கட்டாமல் ஓட உன் விண்டோஸுக்கு நான் போட்ட திறப்பான் நூற்றுக்கணக்கான பேருக்குப் போட்டதுதான். அதைப் போடும்போது வைரஸ் காவல் கத்தும், அதை அணைத்துவிட்டுப் போட வேண்டும். இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் போடுகிறோம். ஒருவரும் கெட்டுப்போகவில்லை.

பாஸ்வேர்டை மனத்தில் வைத்துக்கொண்டு நீ ஏன் கஷ்டப்பட வேண்டும்? ஒரு நாள் சாயங்காலம் லேப்டாப்பை இணையத்தில் விட்டுவிட்டு நிம்மதியாகக் குளித்துவிட்டு வா. நான் இங்கிருந்தே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன். எப்போதும் அப்படித்தானே செய்திருக்கிறோம்?

உன்,
மஸ் தர்மா


சோலோ
19 மார்ச் 2023

தர்மா அவர்களுக்கு,

பாஸ்வேர்டைக் கேட்டேன். பூனை செய்தி வந்தது. போலெங்குக்கு என் நாற்காலியைக் கொடுத்ததாகச் சொல்லுங்கள்.

இன்று ஞாயிறு. பக்சோ என்கிற இறைச்சி உருண்டை சூப்பு விற்கிற கடை ஒன்றில் லினக்ஸ்காரர்கள் கூடுகிறார்கள். ஏழு பேர், ஏழு லேப்டாப், நடுவில் சூப்புக் கிண்ணங்கள். யாரும் யாரிடமும் ஒரு ரூபியா வாங்குவதில்லை. எனக்குக் கற்றுத் தருகிறவள் யெக்தி. பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள், என்னைவிடப் பத்து வயது சின்னவள், பேச்சு மட்டும் காரம். வழிப்போக்கன் எட்டிப் பார்க்கிற வீடு என்று நீங்கள் எழுதியதை அவளிடம் சொன்னேன். "அக்கா, இந்தக் கடையில உருண்டை உருட்டுறது நமக்கு முன்னாடியே நடக்குது, அதனால தைரியமாத் திங்கறோம். கதவைச் சாத்திக்கிட்டு உருட்டிக் கொண்டாந்தா உள்ள எலி இருக்கா, எருமை இருக்கான்னு யார் கண்டா?" என்றாள். பக்கத்து மேசைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்த்தேன். எழுத்துகள் அழகாக இருக்கின்றன. லிப்ரே ஆபீஸில் என் பழைய கோப்புகள் திறக்கின்றன, பக்க எண்கள் மட்டும் இடம் மாறி ஓடுகின்றன. பிரிண்டர் என்னை யாரென்று கேட்கிறது. நாற்பத்தொரு வயதில் மறுபடி எங்கே என்ன பொத்தான் என்று தேடுவது அலுப்பாகத்தான் இருக்கிறது. நடுவில் இரண்டு முறை மூடி வைத்துவிட்டுப் பழையதிலேயே கிடக்கலாம் என்று நினைத்தேன். எல்லாவற்றிலும் அப்படித்தான் நினைக்கிறேன் என்பதும் தெரிந்தது.

வியாழன் அன்று நோன்பு தொடங்குகிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை அனுப்புங்கள்.

அஸ்துதி


செமாராங்
29 மார்ச் 2023

என் டிக் துத்திக்கு,

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. தெமுலாவாக் பொடி, வயிற்றுக்கு மருந்து. சந்தையில் வாங்கவில்லை, கிழங்கை நானே அரிந்து மாடியில் காயவைத்து இடித்தேன். கையெல்லாம் மஞ்சள். கடைக்கு வருகிறவர்கள், "யாருக்குய்யா கல்யாணம்?" என்று கேட்கிறார்கள். வெந்நீரில் ஒரு கரண்டி, கொஞ்சம் பனைவெல்லம், காலையில் வெறும் வயிற்றில் குடி.

வயிற்றுப் புண்ணோடு நோன்பு பிடிக்காதே. மத்தியானம் நீ குழைய வேகவைத்துச் சாப்பிடுகிற சோறு நல்லதுதான், நிறுத்தாதே. அதற்காக ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு குற்றவாளி மாதிரி சாப்பிட வேண்டாம். நோயாளிக்கு அல்லாஹ் விலக்குக் கொடுத்திருக்கிறான். கீழே சலவைக்காரி என்ன நினைப்பாள் என்று நீ வருந்துவது தேவையில்லாதது.

நீ சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும். நீ என்றைக்குச் சொன்னாய்? நானாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சமரச அம்மாளிடம் இதைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். சொல்லாமலே மனைவியின் வயிற்றைத் தெரிந்தவன் கெட்ட புருஷனா என்று அவரே சொல்லட்டும்.

பாஸ்வேர்டை நேரில் வரும்போது சொல்கிறேன்.

உன்,
மஸ் தர்மா


சோலோ
4 ஏப்ரல் 2023

தர்மாஜி,

பொட்டலம் வந்தது. பிரித்தவுடன் அந்த வாசனைக்கே கண் கலங்கிவிட்டது. இவரை விட்டா வந்தேன் என்று நினைத்து, வெந்நீர் வைத்தேன். குடித்துக்கொண்டே உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். பாதி டம்ளரில் நிறுத்திவிட்டேன்.

என் வயிற்றுப் புண்ணைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் இல்லை. யெக்தியிடம் இல்லை. சலவைக்காரியிடம் தினமும் நோன்பு என்று பொய் சொல்கிறேன். ஜன்னல் திரை, குழைந்த சோறு, அவள் என்ன நினைப்பாளோ என்ற பயம், எல்லாம் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. என் லேப்டாப்பில் எனக்கே எழுதிக்கொள்கிற நாட்குறிப்புக் கோப்பில்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு யெக்தியின் வீட்டுக்கு ஓடினேன். உங்கள் பாஸ்வேர்டு தேவைப்படவே இல்லை. பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பி, வெளியே நின்று உள்ளே பார்த்தாள். லேப்டாப்பைப் பாதி மூடினாள். பிறகு, "அக்கா, உக்காருங்க. தண்ணி குடிங்க" என்றாள். என் திரையைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படம் பிடித்து உங்களுக்கு அனுப்புகிற நிரல். முப்பது நாளுக்கு மேற்பட்டதைத் தானே அழித்துக்கொள்கிறது, அதனால் எத்தனை வருடமாக ஓடுகிறது என்று தெரியவில்லை. வைரஸ் காவல் அதைக் கண்டு கத்தியிருக்கும். அதுதான் அணைந்து கிடக்கிறதே.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டோம். இப்போது இதில் லினக்ஸ் ஓடுகிறது. கிளப்பியவுடன் பூட்டைத் திறக்க ஒரு தொடரைக் கேட்கிறது. ஆறு சொற்கள். அது என் தலைக்குள் மட்டும் இருக்கிறது. மறந்துபோனால் யாராலும் திறக்க முடியாது என்று யெக்தி மூன்று முறை எச்சரித்தாள். சரி என்றேன்.

அந்தப் பெண்களின் பேச்சும் அந்தத் திரையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. புருஷனுக்குத் தெரியக் கூடாது என்று அழுதுகொண்டே சொன்னவர்கள். நேற்று சங்கத்துக்குப் போய் நானே சொன்னேன். அந்தப் பெண்கள் பதினாறு பேரையும் தேடிப் போய் விஷயத்தைச் சொல்ல வேண்டுமாம். அதுவரை எனக்கு வேலை இல்லை. யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கேளுங்கள். இந்த நிரலுக்காக நான் மனுப் போடவில்லை. அப்போது இது எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது, ஏனென்று சொல்லத் தெரியவில்லை. நீதிமன்றத்திலும் திருதிருவென்று முழித்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதையே பெருமையாகவும் சொல்லித் திரிந்தேன். "நான் சொல்லவே வேணாம்க்கா, அவருக்கே தெரிஞ்சிடும்" என்று அக்காவிடம் எத்தனை தடவை பீற்றியிருப்பேன்! இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன், எதையும் நம்ப முடியவில்லை. நாம் சண்டை போட்ட நாட்களைவிட, நீங்கள் என்னைப் புரிந்துகொண்ட நாட்கள்தான் இப்போது எரிகின்றன.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஐந்து வருடம் முன்பு அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினேன். செல்போன் செத்துப்போயிருந்தது. எப்போது வருவேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. லேப்டாப் மட்டும் கூட இருந்தது, அதில் எழுதினேனா என்பது நினைவில்லை. நம் ஊர்ப் பன்யுமானிக் பேருந்து நிறுத்தத்தில் மழையில் இறங்கினால், எதிரே நீங்கள் குடையோடு நின்றீர்கள். கையில் பொரித்த வாழைப்பழம், ஆறி நமுத்துப்போய். அதற்குக்கூடத் திட்டினேன்.

அன்றைக்கு நான் வருவது உங்களுக்கு எப்படித் தெரியும்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

அஸ்துதி


செமாராங்
15 ஏப்ரல் 2023

டிக் துத்திக்கு,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். ஈதுல் பித்ர் பெருநாள் வருகிறது. உடலால் செய்ததையும் உள்ளத்தால் செய்ததையும் மன்னித்துவிடு. வருடா வருடம் உன் முன்னால் மண்டியிட்டுச் சொல்கிறதுதான். இந்த வருடம் காகிதத்தில்.

எனக்கு வேறு கெட்ட எண்ணம் இல்லை, துத்தி. வேறு ஆண் என்று சந்தேகப்பட்டதே இல்லை. அந்தப் பெண்கள் பேசியதை நான் நின்று படிக்கவில்லை, தாண்டிப் போய்விடுவேன். உன் முகம் வாடினால் எனக்குக் காரணம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் கடிதம் வந்த பிறகு, வீம்புக்காக லினக்ஸ் பென் டிரைவ் ஒன்று செய்து, வெளியே நின்று என் சொந்தக் கணினியைப் பார்த்தேன். நான் ஊருக்கெல்லாம் போட்ட அந்தத் திறப்பான் இருக்கிறதே, அது என்னிடமிருந்தும் எங்கேயோ எதையோ அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. எவனுக்கு, எத்தனை வருடமாக, ஒன்றும் தெரியவில்லை. என் கடிதங்கள், கடைக் கணக்கு, உனக்கு நான் எழுதி அனுப்பாமல் வைத்தவை எல்லாம் எவனோ பார்த்திருக்கிறான். சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவில் நின்ற மாதிரி இருந்தது. இப்போது என் கணினியிலும் லினக்ஸ்தான். ஒவ்வொரு வாடிக்கையாளராகக் கூப்பிட்டு, "கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்" என்கிறேன். குந்தோரோ சிரிக்கவில்லை. அவனும் கொண்டுவந்தான்.

இத்துடன் ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். என்னுடைய எல்லா பாஸ்வேர்டுகளும் அதில் இருக்கின்றன. கணினி, மின்னஞ்சல், வங்கி, செல்போன், ஒன்று விடாமல். எடுத்துப் படி. எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பார். இனி நமக்குள் மறைவு இல்லை. இதைவிட ஒரு மனிதன் என்ன கொடுக்க முடியும்?

குடையைப் பற்றிக் கேட்டிருந்தாய். போனது போகட்டும், அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது?

மே எட்டாம் தேதி மனுவைத் திரும்ப வாங்கிக்கொள், துத்தி.

மஸ் தர்மா


சோலோ
26 ஏப்ரல் 2023

தர்மாஜி அவர்களுக்கு,

பெருநாள் மன்னிப்பு, உடலாலும் உள்ளத்தாலும். சலவைக்காரியிடம் நோன்பு பற்றிப் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன், சிரித்துக்கொண்டே கொடுத்தாள். உங்களுக்கும் கொடுத்துவிட்டேன். அது எல்லாரும் எல்லாருக்கும் கொடுப்பது.

உறையைத் திருப்பி அனுப்புகிறேன். பிரிக்கவில்லை, ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு உங்கள் வீட்டுக்குள் நினைத்தபோது நுழைய வேண்டாம். நீங்களும் நுழையாமல் இருந்தால் போதும். திறந்து பார்க்கிறபடி இருக்க வேண்டியது நிரல், ஆள் இல்லை. நீங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றாவது மிச்சம் இருக்க வேண்டும், நீங்கள் கேட்க ஒன்றாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேர் எதற்கு?

அந்த பாஸ்வேர்டுகள் தபாலில் இரண்டு ஊர் சுற்றிவிட்டன. எல்லாவற்றையும் உடனே மாற்றுங்கள். பக்சோ கடையில் யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்வார்கள். புதியவற்றை யாருக்கும் சொல்லாதீர்கள், எனக்கும்தான்.

எல்லாவற்றையும் கொடுத்தீர்கள். கேட்ட ஒன்றைக் கொடுக்கவில்லை. மறுபடி கேட்க எனக்குத் தெம்பில்லை, ஆனாலும் கேட்கிறேன். குடை.

அஸ்துதி


செமாராங்
30 ஏப்ரல் 2023

துத்தி,

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

குடை. நீ வருவது எனக்குத் தெரியாது. அப்போது அந்த நிரல் இல்லை. மூன்றாம் நாள் சடங்கு முடிந்திருக்கும், இன்றைக்கோ நாளைக்கோ வருவாள் என்று தோன்றியது. மழை பிடித்துக்கொண்டது, நீ குடை கொண்டுபோகவில்லை என்பது ஆணியில் தொங்கியதைப் பார்த்துத் தெரிந்தது. மத்தியானம் போய் நின்றேன். நாலு பேருந்து வந்தது. ஒவ்வொன்றிலும் இறங்கியவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தேன். முதல் பேருந்துக்கு முன்னால் வாங்கிய வாழைப்பழம் அது. ஐந்தாவதில் நீ வந்தாய். நமுக்காமல் என்ன செய்யும்?

அதற்கு அடுத்த வருடம் உன் பிறந்தநாளுக்கு நான் ஏதோ வாங்கிவர, "நூறு நாள் யோசிச்சாலும் உங்களுக்கு என்னைத் தெரியாது" என்று சொல்லிவிட்டாய். விளையாட்டாகச் சொன்னாயோ என்னவோ. எனக்கு ஊகித்து ஊகித்துக் களைத்துவிட்டது. தப்பாக ஊகித்து உன் முகம் சுருங்குவதைப் பார்க்கத் தெம்பில்லாமல் போயிற்று. அந்த வாரம்தான் நிரலைப் போட்டேன். பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. நீல நிறச் சேலைத் துணி, வேலை இடத்துச் சண்டை, பல்வலி, எல்லாம் படித்ததுதான். ஒன்றுகூட நானாகக் கண்டதில்லை. நல்ல புருஷன் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு நிறுத்தத்திலும் நான் உனக்காக நிற்கவில்லை. எந்தப் பேருந்து என்று பார்த்துக்கொண்டு சரியான நேரத்துக்கு வந்தேன்.

இதை எழுத வெட்கமாக இருந்தது. அதனால்தான் முதலில் எழுதவில்லை. மனுவைப் பற்றி நான் இனி ஒன்றும் கேட்க மாட்டேன்.

தர்மாஜி


சோலோ
3 மே 2023

மஸ் தர்மா,

அந்த வாழைப்பழத்துக்குத் திட்டியதற்கு மன்னித்துவிடுங்கள். இது பெருநாள் மன்னிப்பு இல்லை, நானாகக் கேட்பது.

சங்கத்தில் நேற்று கூப்பிட்டார்கள். பதினாறு பேரில் பதினான்கு பேர் நானே தொடர்ந்து தட்டச்சு செய்யலாம் என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டு பேர் மாட்டேன் என்றுவிட்டார்கள். அவர்கள் பதிவுகளை அழித்துவிட்டோம். பிரிண்டரும் வழிக்கு வந்துவிட்டது.

மே எட்டாம் தேதி நான் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. நடத்துங்கள் என்று சொல்வேனா, இன்னும் ஒரு மாதம் கடிதம் எழுதிப் பார்க்கிறோம் என்று கேட்பேனா, இப்போது எனக்கே தெரியாது. அன்று காலை முடிவு செய்வேன்.

நீதிமன்றம் மணி பத்துக்கு. நான் பேருந்தில்தான் வருகிறேன், பன்யுமானிக்கில் இறங்குவேன். சோலோவிலிருந்து விடிந்தது முதல் நிறைய பேருந்துகள் இருக்கின்றன. எதில் வருகிறேன் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

துத்தி